காற்றைக் கூட்டிப் பெருக்கிய ஏரியல் அண்ணாச்சி

திருநெல்வேலிச் சீமையில் தெருவைக் கூட்டியவர்கள் உண்டு, கோயிலைக் கூட்டியவர்கள் உண்டு. காற்றைக் கூட்டிப் பெருக்கக் கிளம்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஏரியல் அண்ணாச்சி.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மாதம் ஒருநாள் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது அவரே கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுவார் என்று சொல்வார்கள்.

வண்ணார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் ஒரு பாலிடெக்னிக். தொண்ணூறுகளில் அதன் கேன்டீனில் நான் டீயும் வடையும் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அங்கே எலக்ட்ரானிக்ஸ் லேபில் அட்டெண்டர். நெட்டையான ஆள். எந்நேரமும் தலைக்கு மேலே ஒரு கறுப்புக் குடை விரித்திருக்கும். கழுத்தில் மாலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் டிபன் பெட்டி தொங்கும். பெட்டியிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும், இன்னொரு வயர் குடைக் கம்பிக்குப் போகும். குடைதான் ஏரியல். மழைக்குக் குடை பிடிப்பவரைப் பார்த்திருக்கிறோம், வெயிலுக்குப் பிடிப்பவரையும் பார்த்திருக்கிறோம். இவர் காற்றில் வருகிற சத்தத்துக்குக் குடை பிடித்தார். நிஜமாகவே மழை வந்துவிட்டால் ஏரியல் நனையக் கூடாது என்று குடையை மடக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து போவார்.

அந்தப் பெட்டியை அவரே செய்தார். பதினோரு வருஷ வேலை. பழைய ரேடியோக்களின் வயிற்றைக் கீறி, வேண்டியதை எடுத்து, பற்றவைத்துப் பற்றவைத்துச் செய்தது. அது பாட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. காற்றில் இருக்கிற கரகரப்பைக் கண்டுபிடிக்கிற பெட்டி. மிக்சி, ஸ்கூட்டர், டியூப் லைட் எல்லாம் காற்றில் கரகரப்பைத் துப்புகின்றன, அதனால்தான் டிவியில் கோடு விழுகிறது, ரேடியோ இருமுகிறது என்பது அவருடைய கட்சி. அதுவரை சரிதான் என்று படித்தவர்களே சொன்னார்கள். அண்ணாச்சி அதோடு நிற்கவில்லை. பால் திரிவதும், பிள்ளைகள் கணக்கில் தோற்பதும், அம்பாசமுத்திரம் பஸ் நேரத்துக்கு வராததும் அதனால்தான் என்றார்.

அவர் வீட்டில் மிக்சி கிடையாது. வாங்கவே விடவில்லை. ஊரெல்லாம் பொத்தானை அமுக்கித் தேங்காய் அரைத்த காலத்தில் அவர் வீட்டு மதினி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேன்டீன் பக்கம் வந்தபோது உள்ளங்கையைக் காட்டி, "காத்து சுத்தமாத்தான் இருக்கு, எங்கைதான் காப்புக் காச்சிப் போச்சு" என்றார்.

இதில் ஒரு விசேஷம். அண்ணாச்சி எங்கே போனாலும் அங்கே கரகரப்பு இருந்தது. ஒரு இடத்திலாவது பெட்டி சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் திருநெல்வேலி முழுக்கவே அழுக்குப் பிடித்துக் கிடக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் லேப் வாத்தியார் ஒருவருடைய மகளுக்குக் கல்லிடைக்குறிச்சியில் கல்யாணம். பந்தி வேலைக்கு ஒத்தாசையாக நானும் போயிருந்தேன். முகூர்த்த நேரத்தில் மைக் கரகரத்தது. அண்ணாச்சி குடையோடு மணமேடை ஏறிவிட்டார். பெட்டியை நீட்டிக்கொண்டே மேளக்காரரிடம் போனார், ஐயரிடம் போனார், கடைசியில் மாப்பிள்ளை முன்னால் நின்றார்.

"மாப்ள, அந்தக் கைக்கடியாரத்தக் கழத்துங்க."

மாப்பிள்ளை கழற்றினார். கரகரப்பு போகவில்லை. மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். அதுவும் ஆயிற்று. கழுத்துச் சங்கிலியும் ஆயிற்று. அண்ணாச்சி பெட்டியை மாப்பிள்ளையின் இடுப்புப் பக்கம் கொண்டுபோய், அரைஞாண் வெள்ளியா என்று கேட்டார். பெண்ணின் தகப்பனார் ஓடி வந்து அவரைத் தோளோடு அணைத்துப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் மேடையை விட்டு இறங்கியதும் மைக் தெளிந்தது. "பாத்தேளா, சங்கிலியக் கழத்துனதும் சரியாயிட்டு" என்றார் அண்ணாச்சி, இலையில் உட்கார்ந்துகொண்டே.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனார். தண்ணீருக்குள் யாரும் மிக்சி ஓட்ட முடியாது, அங்கேயாவது சுத்தமான காற்று இருக்கும் என்று இடுப்பளவு தண்ணீரில் குடை பிடித்து நின்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெட்டி அங்கேயும் கரகரத்தது. மறுநாள் கேன்டீனுக்கு வந்து, பெரிய உண்மையைக் கண்டுவிட்டவர் போல மெல்லச் சொன்னார்.

"ஆறே கரகரங்குது தங்கச்சி. தாமிரம் கலந்த தண்ணில்லா. பொதிகைல இருந்து புன்னக்காயல் வரைக்கும் ஒரே ஏரியல். அங்கன யாரு மிக்சி போட்டாலும் இங்கன வந்து சேந்திரும்."

ஆற்றைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டும் என்று கலெக்டருக்கு ஒரு மனுவும் எழுதினார். பிரின்சிபாலிடம் சிபாரிசுக் கையெழுத்துக் கேட்டார். அவர் மனுவை வாங்கி மேசை விசிறிக்குக் கீழே மடித்து வைத்துவிட்டார். விசிறியின் அடிப்பாகம் அதற்கு முன்னால் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, மனுவுக்குப் பிறகு ஆடவில்லை.

என் கேன்டீனில் ஒரு பேட்டரி ரேடியோ இருந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. நன்றாகப் பாடிக்கொண்டே இருக்கும், திடீரென்று கரகரவென்று இருமும். இருமினால் என் கை தானாகப் பாலை அடுப்பில் ஏற்றும். ஏன் என்று நான் யோசித்ததில்லை. அண்ணாச்சி வந்து பெஞ்சில் உட்காரும்போது பால் பொங்கித் தயாராக இருக்கும். "தங்கச்சிக்கு ஞான திருஷ்டில்லா" என்று எல்லோரிடமும் சொல்வார். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆண்பிள்ளைகளிடம் நின்று பேசிப் பழகியவள் இல்லை நான். டீயா, காப்பியா என்று கேட்பேன். அதற்கு மேல் ஆறு வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேசியது கிடையாது. அவர் டீயைக் குடித்துவிட்டு, ரேடியோ இருமுவதைக் கேட்டு, "இங்கனயும் இருக்கு" என்று கிரைண்டரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போவார்.

இனி ரோபோ கதைக்கு வருகிறேன்.

அப்போது பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குள் ரோபோ போட்டி என்று ஒன்று ஆரம்பித்திருந்தது. வயர் இல்லாமல் தூரத்தில் நின்று ரிமோட்டை அமுக்க, வண்டி தானாகப் போய் எலுமிச்சம்பழத்தைக் கவ்வி எடுத்து ஒரு பித்தளைச் செம்புக்குள் போட வேண்டும். ஐந்து பழம், மூன்று வாய்ப்பு. எங்கள் பக்கத்து வண்டியைச் செய்தவள் நூர்ஜஹான் என்கிற மேலப்பாளையத்துப் பிள்ளை. அவளுடைய சித்தப்பா, அவள் சாச்சா என்பாள், துபாயிலிருந்து கொண்டுவந்த பொம்மைக் காரைப் பிரித்துச் சக்கரமும் ரிமோட்டும் எடுத்துக்கொண்டாள். பழத்தைப் பிடிக்கிற கைக்கு என் கேன்டீன் இடுக்கியை எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் நான் பழந்துணியை வைத்துத்தான் பால் சட்டி இறக்கினேன். வண்டிக்குப் பெயரே இடுக்கி என்று ஆகிவிட்டது. அதன் வயர்களை எல்லாம் பற்றவைத்துக் கொடுத்தவர் ஏரியல் அண்ணாச்சி.

முதல் வருஷம் போட்டி வேறொரு கல்லூரியில் நடந்தது. நூர்ஜஹான் ரிமோட்டோடு நின்றாள். கரகரப்பு எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள்ள அண்ணாச்சி குடையோடு பக்கத்திலேயே நின்றார். இடுக்கி நேராகக் கிளம்பியது. பாதி வழியில் அதற்கு என்ன தோன்றியதோ, எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டு முன்வரிசைக்குப் போய்ச் சிறப்பு விருந்தினரின் வேட்டி நுனியைக் கவ்வியது. கவ்வியதோடு விடாமல் பின்னால் நகரவும் ஆரம்பித்தது. அவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடவே நடந்தார். அண்ணாச்சி காப்பாற்ற ஓடினார். அவர் கிட்டே வர வர இடுக்கி இன்னும் வேகமாக இழுத்தது.

அந்தச் சிரிப்புச் சத்தத்தை எங்கள் பிரின்சிபால் ஒரு வருஷம் மறக்கவில்லை. அடுத்த வருஷம் போட்டி எங்கள் கல்லூரியில் என்று ஆனதும் கேன்டீன் வாசலில் வைத்தே அண்ணாச்சியைப் பிடித்தார்.

"அன்னைக்கும் இது கிறுக்குத்தனம் பண்ணுச்சுன்னா என்னய்யா செய்வீரு?"

"பண்ணாது சார். காத்தச் சுத்தம் பண்ணிட்டுத்தான் வண்டிய எறக்குவேன்."

"பண்ணுச்சுன்னா?"

அண்ணாச்சி கழுத்துப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"இதக் கொண்டுபோய் ஆத்துல போட்டுட்டு, லேப் சாவிய ஒங்க மேசைல வச்சிருதேன். ஆழ்வார்குறிச்சில எங்க அண்ணன் வயலு கெடக்கு. அங்கன போய் வரப்பு வெட்டிக்கிட்டு இருந்துக்கிடுதேன். இனி ஒரு ரேடியோவையும் தொட மாட்டேன்."

பிரின்சிபால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ பேர் சாட்சியாக நின்றார்கள். நானும் வடைச் சட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். மண்வெட்டி பிடித்த அண்ணாச்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு கையில் குடை இருக்குமே, மற்றக் கையால் எப்படி வெட்டுவார் என்றுதான் தோன்றியது.

போட்டி நாள் பங்குனி வெயிலில் வந்தது. அண்ணாச்சி காலையிலேயே காற்றைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். ஹாலில் டியூப் லைட் அணைந்தது. மின்விசிறி நின்றது. வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கமே ஸ்கூட்டர்கள் நின்றன. பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் புதிதாக மின்சார மேளம் வாங்கி வைத்திருந்தார்கள். பூசாரியிடம் போய், இன்று ஒருநாள் பிள்ளையாருக்குக் கைமணி போதும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் கிரைண்டருக்கும் தடை. என் ரேடியோவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாவம், இது கேக்கத்தான் செய்யும், துப்பாது" என்று விட்டுவிட்டார்.

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற பெரிய இன்ஜினீயர். அவருடைய காரையும் கேட்டிலேயே அணைக்கச் சொல்லி, வெயிலில் நடத்திக் கூட்டி வந்தார் அண்ணாச்சி, தன் குடையைப் பிடித்து. போன வருஷக் கதை அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். பெல்ட் போட்டுப் பேன்ட்டில் வந்திருந்தார்.

நாலு கல்லூரிகளிலிருந்து நாலு வண்டிகள். முதல் பையன் தன் ரிமோட்டை அமுக்கினான். நாலு வண்டியும் கிளம்பின. அவன் இடது பக்கம் திருப்பினான். நாலும் இடது பக்கம் திரும்பின. மற்ற பிள்ளைகள் பதறிப்போய் ஆளுக்கொரு பொத்தானை அமுக்க, நாலு வண்டியும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்தில் நடுங்கின. எல்லோர் வீட்டுச் சாச்சாவும் மாமாவும் வளைகுடாவில் ஒரே மாதிரி பொம்மைக் காரைத்தான் வாங்கி வந்திருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு விளங்கவில்லை. பிறகு நூர்ஜஹான்தான் விளக்கினாள். "ஒரு தெருல நாலு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர்னா எப்படிக்கா இருக்கும்? தபால்காரர் ஒரு கடுதாசியக் குடுத்தா நாலு வீட்டுலயும் பிரிச்சிப் படிப்பாங்கல்லா. அப்படித்தான்."

ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ரிமோட்டை அணைத்துவைக்க வேண்டும் என்றார்கள். அணைத்தார்கள். ஆனால் பையன்களின் விரல் சும்மா இருக்குமா. போட்டியே கெட்டுவிடும் போல இருந்தது. அப்போது அண்ணாச்சி கேன்டீனுக்கு ஓடி வந்து, நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற என் அலுமினிய அண்டாவைக் கேட்டார். சாம்பார் உள்ளே இருக்கிறது என்று கையால் காட்டினேன்.

"வாளில ஊத்து தங்கச்சி. நாட்டுக் காரியம்."

சாம்பாரை ஆறு வாளிகளில் ஊற்றி, அண்டாவைக் கழுவிக் கொடுத்தேன். எல்லா ரிமோட்டையும் வாங்கி உள்ளே போட்டு, மூடியால் மூடி, மேலே கல்லுரல் குழவியைத் தூக்கி வைத்தார். அண்டாவுக்குள் இருக்கிற ரிமோட் என்ன கத்தினாலும் வெளியே கேட்காதாம். யாருடைய முறையோ அவருடைய ரிமோட்டை மட்டும் வெளியே எடுப்பது. இன்ஜினீயர் எழுந்து வந்து அண்டாவைச் சுற்றிப் பார்த்து, "ரொம்பச் சரி" என்றார். ரிமோட்டெல்லாம் பெருங்காயம் மணக்கிறது என்று ஒரு கல்லூரிப் பிள்ளைகள் புகார் சொன்னார்கள். அதைத் தவிர குறை ஒன்றும் இல்லை.

அண்டா என் கேன்டீன் வராந்தாவில் இருந்தது. நடுவில் வேப்பமரம், அதற்கு அப்பால் ஹால். அண்டாவுக்குக் காவலாக அண்ணாச்சி குடையோடு பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஹாலில் மூன்று கல்லூரி வண்டிகளும் ஒழுங்காக ஓடின. கைதட்டல் கேட்கக் கேட்க அண்ணாச்சியின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. "காத்து கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். என் ரேடியோதான் காலையிலிருந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தது. நானும் அவருக்கு நாலு டீ கொடுத்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் முறை. நூர்ஜஹானின் ரிமோட்டை எடுத்துக் கொடுத்தவருக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அண்டாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவளுக்குப் பின்னாலேயே ஹாலுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்புக் கேட்டது. கைதட்டல் இல்லை, சிரிப்பு. இடுக்கி ஒரு பழத்தைக் கவ்வி, ஏழு சுற்றுச் சுற்றி, கோயில் உடைகல்லில் தேங்காய் எறிகிற மாதிரி விருந்தினர் வரிசையைப் பார்த்து எறிந்ததாம். முதல் வாய்ப்புப் போயிற்று. அண்ணாச்சி பெட்டியோடு ஹால் முழுக்கத் தேடியிருக்கிறார். ஜமுக்காளத்துக்கு அடியில் பார்த்திருக்கிறார். இன்ஜினீயரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது வாய்ப்பில் இடுக்கி நடுவர் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. அதுவும் போயிற்று.

அண்ணாச்சி வேப்பமரத்தடியில் ஓட்டமாக வந்தார். பின்னாலேயே நூர்ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எவனோ அண்டாவுக்குள் இருந்து அமுக்குகிறான் என்று சொல்லிக்கொண்டே குழவியைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒவ்வொரு ரிமோட்டாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் ஹால் பக்கம் பாதி தூரம் போனார். மூடி சரியாக உட்காரவில்லையோ என்று திரும்பி வந்தார்.

அப்போது நான் ரேடியோவைக் கேட்டேன். அவர் போனதும் தெளிவாகப் பாடியது. அவர் வரும்போது கரகரவென்று இருமியது. என் கை தானாகப் பால் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷமாக எனக்கு டீ போடச் சொன்னது யார் என்று அப்போதுதான் விளங்கியது.

சொல்ல வேண்டும். சொன்னால் பதினோரு வருஷப் பெட்டியின் மானம் போகும். சொல்லாவிட்டால் பெட்டியே ஆற்றுக்குப் போகும், அவர் வரப்பு வெட்டப் போவார். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, அண்டாவைப் பார்த்துத்தான் பேசினேன்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டியக் கொஞ்சம் அணச்சுப் பாருங்க."

"அணச்சா எப்படித் தங்கச்சி கண்டுபிடிக்க?"

"நீங்க வாரதுக்கு முன்னால இந்த ரேடியோ கரகரங்கும். அதக் கேட்டுத்தான் நான் டீ போடுதேன். ஆறு வருசமா."

அவர் என்னைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ரேடியோ தெளிவாகப் பாடியது. போட்டார், இருமியது. அணைத்தார், பாடியது. ஐந்து தடவை போட்டு அணைத்தார். ஐந்து தடவையும் ரேடியோ சத்தியம் பண்ணியது. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் திருடிவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப, மாப்பிள்ளயோட கடியாரம்?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"ஆறு?"

அதற்கும் தலையாட்டினேன்.

கடைசியாக, ரொம்பத் தாழ்ந்த குரலில், "எங்க வீட்டம்மா மிக்சி?" என்றார்.

"பாவம் மதினி" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

அவர் கழுத்திலிருந்து பெட்டியை எடுத்தார். அண்டாவுக்குள் ரிமோட்களுக்கு நடுவில் வைத்தார். தானே மூடினார், தானே குழவியைத் தூக்கி வைத்தார். குடையை மடக்கி என் கையில் கொடுத்தார். வெயிலில் குடை இல்லாமல் அவர் நடந்ததை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலை வழுக்கை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹால் வாசலில் நின்று, "ஏட்டி நூரு, பைய விடு. இனி ஓடும்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு சிரிப்புக் கேட்கவில்லை. ஒரு டங். செம்பில் முதல் பழம் விழுந்தது. இரண்டாவது டங். மூன்று. நாலு. ஐந்தாவது விழுந்தபோது கைதட்டலில் சத்தம் கேட்கவே இல்லை.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. இன்ஜினீயர் மைக்கைப் பிடித்து, கரகரப்பு எங்கே இருந்தது என்று அண்ணாச்சியைக் கேட்டார். மனிதர் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். டியூப் லைட் என்றிருந்தால் நம்பியிருப்பார்கள். மேடை ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எடம் தெரிஞ்சுபோச்சு ஐயா. எங்கழுத்துலதான் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு."

ஹால் குலுங்கியது. இன்ஜினீயர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மாதிரிப் பெட்டிக்கு அதுதான் குணம், கேட்கிறபோதே தானும் கத்தும், பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டதற்கு அண்ணாச்சி கேன்டீனைக் காட்டினார். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தபோது நான் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

பிரின்சிபால் விடவில்லை. ரெண்டு தடவை கிறுக்குப் பிடித்தது உண்மைதானே, ஆற்றுக்கு எப்போது போகிறீர் என்று கேட்டார்.

"போடப்படாது சார்" என்றார் அண்ணாச்சி. "யோசிச்சுப் பாத்துட்டேன். தாமிரம் கலந்த தண்ணில்லா. இத அதுல போட்டா புன்னக்காயல் வரைக்கும் ஒருத்தன் வீட்லயும் ரேடியோ பாடாது."

பிரின்சிபால் முதல் தடவையாகச் சிரித்தார். லேப் சாவி அண்ணாச்சியின் இடுப்பிலேயே இருந்தது.

அந்த வாரமே அவர் வீட்டுக்கு மிக்சி வந்தது. கல்லிடைக்குறிச்சி மாப்பிள்ளைக்கு, உங்கள் கடிகாரம் குற்றமற்றது என்று ஒரு கார்டு போட்டார். விசிறிக்கு அடியில் கிடந்த மனுவை வாபஸ் வாங்கிக் கலெக்டருக்கும் ஒரு மனு எழுதினார். பெட்டி என் அண்டாவுக்குள் குடியேறியது. ஒருநாள் மதினி ஒரு தூக்குவாளி நிறையத் தேங்காய்ச் சட்னி கொண்டுவந்து வைத்துவிட்டு, காப்பு உதிர ஆரம்பித்த உள்ளங்கையை மட்டும் காட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரத்தில் அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். டீ வரத் தாமதமாகிறதாம். பெட்டி இல்லாததால் ரேடியோ இருமவில்லை, அதனால் அவர் வருவது எனக்குத் தெரியவில்லை. ஞான திருஷ்டி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

மறுநாள் அண்டாவிலிருந்து பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுபடியும் கழுத்துக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் அதைக் கழுத்தில் மாட்டவில்லை. லேபில் ஒரு ஆணியில் மாட்டிவைத்தார். பதினோரு மணிக்கு ஒரு தடவையும் நாலு மணிக்கு ஒரு தடவையும் கேன்டீன் பக்கத்து ஜன்னலில் அதை வைத்து ஒரு நிமிஷம் போட்டு அணைப்பார். என் ரேடியோ இருமும். நான் பாலை வைப்பேன். ஒரு இருமல் வந்தால் டீ. இரண்டு இருமல் வந்தால் டீயோடு வடை. அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. டீயா, காப்பியா என்றுகூட அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அண்ணாச்சி இப்போது இல்லை. கேன்டீனும் என் கையை விட்டுப் போய்விட்டது. மகன் ஒரு புது ரேடியோ வாங்கித் தந்திருக்கிறான். அது இருமுவதே இல்லை, அப்படி ஒரு சுத்தம். ஐப்பசியில் இடி இடிக்கிற அன்றைக்கு மட்டும் எப்போதாவது கரகரவென்று ஒரு சத்தம் வரும். மருமகள் அதை அணைக்க எழுந்திருப்பாள். நான் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒரு டம்ளர் பால் கூடுதலாக வைக்கிறேன்.